கம்ப்யூட்டரில் அப்படி என்ன சோலி?

பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தபடி சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன் நான். பதினோரு வருஷம் சென்னையில் இருந்துவிட்டு, 2020 ஊரடங்கின்போது நாலு நாள் துணியோடு ஊருக்கு வந்தேன். அப்புறம் திரும்பிப் போகவில்லை. கம்பெனி சென்னையில், வாடிக்கையாளர் பெரும்பாலும் அமெரிக்காவில், நான் இங்கே மாடி அறையில். டீக்கடை, கல்யாண வீடு, ரேஷன் கடை வரிசை என்று எங்கே நின்றாலும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். தனித்தனியாகப் பதில் சொல்வதில் எனக்குச் சலிப்பில்லை. ஆனால் ஒரே கேள்விக்கு இரண்டு பேரிடம் இரண்டு பதில் சொல்லி மாட்டிக்கொண்டேன். சம்பளம் பற்றிய கேள்வி அது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

"வீட்டுல சும்மாதான இருக்கிய?"

இல்லை. ஆனால் பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தெரியும், அவர்கள்மேல் தப்பில்லை. எங்கள் தெருமுனையில் ஒரு தச்சர் இருக்கிறார். காலையில் பலகையாக இருந்தது சாயங்காலம் நாற்காலியாக நிற்கும். என் வேலையில் பாதி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது. மீதியில் பாதி, வேறு யாரோ எழுதிவைத்துவிட்டுப் போனதைப் படித்து, இவர் எதற்காக இப்படி எழுதினார் என்று யோசிப்பது. போன வாரம் ஒரு நாள் நான் செய்த உருப்படியான காரியம், நாற்பது வரியை அழித்ததுதான். "அழிச்சதுக்கா சம்பளம்?" என்று அம்மா கேட்டாள். ஆமாம், அதற்குத்தான். எழுதுவதற்குக்கூட அவ்வளவு தைரியம் வேண்டாம்.

எங்கள் ஆச்சியிடம் யாராவது என்னைப் பற்றிக் கேட்டால், "மாடியில டிவி பாத்துக்கிட்டு இருக்கான்" என்பாள். அதன் விளைவாக, தெருவில் நாலு வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வாங்கி வைக்கும் அதிகாரப்பூர்வப் பிரதிநிதி நான்தான்.

"என் பிரிண்டர் ஓடமாட்டேங்குது, கொஞ்சம் பார்க்கிறீர்களா?"

எனக்குத் தெரியாது. நிஜமாகவே தெரியாது. பஸ் ஓட்டுகிறவரிடம் ஆட்டுக்கல் கொத்தச் சொல்கிற மாதிரி இது. பிளக் போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

போனில் யாரைக் கொல்லச் சொன்னீர்கள்?

இது ஆச்சி ஒரு நாள் சாயங்காலம் கண் கலங்கிக் கேட்டது. நான் போனில் சொன்னது இதுதான்: "முதல்ல குழந்தையக் கொன்னுரு. அப்பனை மட்டும் கொன்னா குழந்தை அனாதையாப் போயிரும்." ஆச்சி விளக்கேற்ற வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

யூனிக்ஸ் வகைக் கம்ப்யூட்டர்களில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராம் இன்னொன்றைத் தொடங்கிவைத்தால், முதலாவது பெற்றோர், இரண்டாவது குழந்தை. நிறுத்துவதற்கான கட்டளையின் பெயரே 'கில்'. பெற்றோர் முதலில் போய்விட்டால் குழந்தை அனாதை. வழக்கமாக அதை ஒன்றாம் எண் புரோகிராம் தத்து எடுத்துக்கொள்ளும். அந்த வகையில் கம்ப்யூட்டருக்குள் ஓரளவு நல்ல மனசு உண்டு. குழந்தை முடிந்துபோயும் பெற்றோர் அதைக் கணக்கில் முடித்துவைக்காமல் இருந்தால் அதற்குப் பெயர் ஸோம்பி. இதை மட்டும் ஆச்சி உடனே புரிந்துகொண்டாள். "செத்தவன் பேரு ரேஷன் கார்டுல இருக்குமே, அது மாதிரியா?" அச்சு அசலாக அதேதான். பதினாறு வருஷத்தில் இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

புரோகிராமில் வரும் கோளாறை 'பக்' என்கிறீர்களே, உண்மையிலேயே பூச்சியா?

ஒரு தடவை உண்மையிலேயே பூச்சி. 1947 செப்டம்பர் 9 அன்று, ஹார்வர்டில் மார்க் 2 என்ற கம்ப்யூட்டரின் ரிலே என்ற மின் சுவிட்சுக்குள் ஒரு அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்துக் குறிப்பேட்டில் டேப் போட்டு ஒட்டி, 'நிஜமாகவே பூச்சி கிடைத்தது இதுதான் முதல் தடவை' என்கிற அர்த்தத்தில் குறும்பாக எழுதிவைத்தார்கள். அந்தக் குழுவில் இருந்த கிரேஸ் ஹாப்பர் இந்தக் கதையைப் போகிற இடமெல்லாம் சொல்லிப் பிரபலமாக்கினார். ஆனால் இயந்திரக் கோளாறைப் பூச்சி என்று சொல்லும் வழக்கம் அதற்கு முன்பே உண்டு. எடிசன் 1878-ல் எழுதிய கடிதத்திலேயே அந்தச் சொல் இருக்கிறது.

என் மாடியில் ஐப்பசி மழைக்கு அப்புறம் ஈசல் வந்து திரையில் அப்பும். அந்தப் பூச்சியால் இதுவரை எந்த நஷ்டமும் இல்லை. நஷ்டம் வந்தது ஒரு காலி இடத்தால். சரக்கு அனுப்பிப் பில் போடும் எங்கள் புரோகிராம் ஒன்றில், செங்கோட்டையில் இருக்கும் ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் சரக்கு போகவில்லை. மற்ற செங்கோட்டைக்காரர்களுக்கெல்லாம் போகிறது. இரண்டரை நாள் தேடினேன். கடைசியில் பார்த்தால், யாரோ ஊர்ப் பெயரைத் தட்டிவிட்டு, முடிவில் ஒரு ஸ்பேஸையும் தட்டியிருக்கிறார்கள். நமக்கு ஒரு செங்கோட்டை. கம்ப்யூட்டருக்கு இரண்டு செங்கோட்டை, அதில் இரண்டாவதற்கு லாரியே கிடையாது. இரண்டரை நாளில் என்ன செய்தாய் என்று மேனேஜர் கேட்டார். ஒரு ஒன்றுமில்லாததை எடுத்தேன் என்றேன்.

பில்லில் நம்ம ஊர் பெயர் ஏன் 'திருநெல்வே' என்று பாதியில் நிற்கிறது?

இதற்கு நான் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்வேன். ஏனென்றால் இதைச் சரிசெய்தவன் நான், இதுவரை ஒருவரும் பாராட்டவில்லை.

திருநெல்வேலிக்கு எத்தனை எழுத்து? பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஆறு என்று சொல்லும். தி, ரு, நெ, ல், வே, லி. கம்ப்யூட்டரைக் கேட்டால் பன்னிரண்டு என்னும். எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுத்து வைத்திருக்கும் பொதுப் பட்டியல் யூனிகோடு. அதில் நம் உயிர்மெய்க்குத் தனி இடம் கிடையாது. 1991-ல் யூனிகோடின் முதல் பதிப்பு வந்தபோதே தமிழ் உள்ளே வந்துவிட்டது, ஆனால் 247 எழுத்துக்கும் தனித்தனி நாற்காலி போடவில்லை. 'த' ஒன்று, அதன்மேல் ஏறும் இகரக் குறி ஒன்று, இரண்டும் சேர்ந்தால் 'தி'. புள்ளிக்கும் தனிக் கணக்கு. அதனால் 'ல்' என்பதும் இரண்டு. அப்புறம் யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது, ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் இடம் போதும். தமிழ்த் துண்டு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். பன்னிரண்டு மூன்று முப்பத்தாறு.

பழைய புரோகிராமை எழுதிய மனிதர் ஊர்ப் பெயருக்கு 30 பைட் ஒதுக்கியிருந்தார். ஆங்கிலத்தில் திருநெல்வேலி பதினோரு எழுத்துதான், அவர் தாராள மனசோடுதான் ஒதுக்கியிருக்கிறார். தமிழில் பில் அடிக்கலாம் என்று முடிவான அன்றைக்கு வெட்டு விழுந்தது. திருநெல்வேலி 'திருநெல்வே' ஆனது. அதாவது ஒருவரை 'வே' போட்டுக் கூப்பிட்டுவிட்டு மீதியைச் சொல்லாமல் போன மாதிரி. பாளையங்கோட்டை 'பாளையங்கோட' என்று அந்தரத்தில் நின்றது. கல்லிடைக்குறிச்சி 51 பைட் கேட்கும் ஊர். அது 'கல்லிடைக்க' என்று சுருங்க, அங்கே ஒரு அப்பளக் கடைக்காரர் எங்களுக்குப் போன் போட்டு, "மீதிக்குறிச்சி எங்கய்யா?" என்று கேட்டார். தென்காசிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. எட்டுத் துண்டு, 24 பைட், கச்சிதமாக உள்ளே உட்கார்ந்துவிட்டது. 2019-ல் தனி மாவட்டமாகப் போனதில் இப்படி ஒரு சௌகரியம் இருக்கும் என்று அவர்களே எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் அந்தக் கட்டத்தை 200 பைட்டாக விரித்தேன். "இவ்வளவு நீளமாவா ஊர் பேர் இருக்கும்?" என்று சென்னையில் கேட்டார்கள். எங்கள் பக்கம் வந்து பஸ் போர்டைப் படிக்கச் சொன்னேன்.

அமெரிக்காக்காரர்கள் உங்களை ஏன் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்?

விண்ணப்பத்தில் 'கடைசிப் பெயர்' கட்டாயம். இனிஷியல் ஒற்றை எழுத்து போட்டால் "குறைந்தது இரண்டு எழுத்து" என்று சிவப்பில் கத்தும். அப்பா பெயரை முழுசாக எழுதினேன். அன்றிலிருந்து அவர்கள் திட்டுவதெல்லாம் அப்பாவுக்கே போகிறது. பாராட்டும் போகிறது, அதை அப்பா மறுக்கவில்லை.

ராத்திரியில் யாரிடம் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்?

வாடிக்கையாளரிடம். அவர்கள் ஊரில் காலை ஒன்பதரை என்றால், கோடையில் நமக்குச் சாயங்காலம் ஏழு. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள். அதே மீட்டிங் திங்கட்கிழமையிலிருந்து நமக்கு எட்டு மணிக்கு ஆகிவிடும். மார்ச் இரண்டாவது ஞாயிறு திரும்ப ஏழு. கடிகாரத்தை நம் இஷ்டத்துக்கு மாற்றலாம் என்பதை அம்மா இன்றுவரை நம்பவில்லை, நான் சாப்பாட்டுக்குத் தாமதமாக வருவதற்குச் சொல்லும் சாக்கு என்று நினைக்கிறாள். நம்முடைய அரை மணி நேரக் கணக்கு வேறு அவர்களுக்குத் தலைவலி. கிரீன்விச் நேரத்தோடு ஐந்தரை மணி நேர வித்தியாசம் என்று ஒன்று இருக்கும் என்றே தெரியாமல் எழுதப்பட்ட புரோகிராமை நான் பார்த்திருக்கிறேன். அதில் நாம் எல்லோரும் பாகிஸ்தான் நேரத்தில் வாழ்ந்துகொண்டிருந்தோம்.

நேரம் என்று பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். நிறையக் கம்ப்யூட்டர்கள் நேரத்தை 1970 ஜனவரி 1-லிருந்து எத்தனை விநாடி ஆயிற்று என்று எண்ணித்தான் வைத்துக்கொள்கின்றன. அந்த எண்ணிக்கையை 32 பிட் என்ற சின்ன இடத்துக்குள் அடக்கிய பழைய புரோகிராம்களுக்கு 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிஷம் 7 விநாடிக்கு இடம் தீர்ந்துபோகும். அடுத்த விநாடி அவை 1901 டிசம்பருக்குப் போய்விடும். செவ்வாய்க்கிழமை, பொங்கல் முடிந்த கையோடு. நான் இப்போதே லீவு கேட்டு வைத்திருக்கிறேன்.

பழசைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினால் என்ன?

புதிதாகச் சேர்ந்த ஒவ்வொரு பையனும் முதல் வாரத்தில் கேட்பது இது. நான் அவனை, அவன் இங்கே வந்தால், சுலோச்சன முதலியார் பாலத்துக்குக் கூட்டிப்போவேன். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக இருந்தவர் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டியது, 1843-ல் திறந்தது. ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைக்கு வருகிற பஸ் இன்றைக்கும் அந்த வழியாகத்தான் தாமிரபரணியைத் தாண்டுகிறது. கட்டியவர்களுக்கு மாட்டு வண்டிதான் தெரியும். 2038 பிரச்சினை வந்து கம்ப்யூட்டர்கள் 1901-க்கே போனாலும், அங்கேயும் இந்தப் பாலம் ஐம்பத்தெட்டு வயசோடு நிற்கும்.

எங்கள் புரோகிராம் அவ்வளவு உறுதியானது என்று சொல்லவரவில்லை. அதில் ஓர் இடத்தில் 'இது தற்காலிக ஏற்பாடு, அடுத்த வாரம் மாற்றவும்' என்று ஒரு குறிப்பு இருக்கிறது, வருஷம் 2011. ஒரு தடவை அதை மாற்றினேன். சம்பந்தமே இல்லாத வேறு மூன்று இடம் நின்றுபோனது. திரும்பப் பழையபடியே வைத்து, குறிப்புக்குக் கீழே 'தயவுசெய்து மாற்ற வேண்டாம்' என்று ஒரு வரி சேர்த்தேன். அதுதான் அந்த மாதம் நான் செய்த மிகப் பயனுள்ள வேலை.

எப்போது முடியும்?

அல்வா கிண்டுகிறவரிடம் போய் இதைக் கேட்டுப்பாருங்கள். நெய் பிரியும்போது முடியும் என்பார். அவரை யாரும் தேதி போட்டுக் கையெழுத்துக் கேட்பதில்லை. என்னிடம் கேட்பார்கள். நான் மூன்று வாரம் என்பேன். மேனேஜர் மேலே போய் இரண்டு வாரம் என்று சொல்வார். அவருக்கு மேலே இருப்பவர் வாடிக்கையாளரிடம் "ஏறக்குறைய முடிந்துவிட்டது" என்று சொல்லியிருப்பார். ஊர் வழக்கில் 'இந்தா வந்துட்டேன்' என்றால் இன்னும் வீட்டைவிட்டே கிளம்பவில்லை என்று அர்த்தம். நாங்கள் அதற்கு ஒரு அட்டவணை போட்டு வைத்திருக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

தாமதமானால் ஆளைச் சேர்ப்பார்கள். ஐபிஎம்மில் மாபெரும் மென்பொருள் திட்டம் ஒன்றை நடத்திய பிரெட் புரூக்ஸ், தாமதமான வேலையில் ஆளைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று 1975-லேயே எழுதிவைத்துவிட்டார். அவர் ஆனித் தேரோட்டத்துக்கு வந்திருந்தால் எழுதவே வேண்டியிருந்திருக்காது. நெல்லையப்பர் தேர் நேர்வீதியில் போகும்போது ஆயிரம் கை கூடினால் ஆயிரம் கைக்கும் வேகம் உண்டு. ரத வீதி முக்குக்கு வந்ததும் கதை மாறிவிடும். அங்கே தேரைத் திருப்புவது சக்கரத்துக்கடியில் சறுக்குக்கட்டை போடும் சில பேர். வடத்தைப் பிடித்திருப்பவர்கள் கொஞ்ச நேரம் சும்மா நிற்பதுதான் அப்போது செய்யக்கூடிய பெரிய உதவி. எங்கள் திட்டம் முக்கில் நிற்கும்போதுதான் புதிதாக ஆறு பேரை அனுப்புவார்கள். அவர்களுக்கு வடம் எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு, கட்டை போடுகிற இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

வெள்ளிக்கிழமை புதுப் புரோகிராம் எதையும் ஏற்றக்கூடாது என்கிறார்களே, ராகுகாலமா?

அதைவிட மோசம். ஏற்றியது கோளாறானால் பார்க்க ஆள் வேண்டும். எங்கள் குழுவில் நாலு பேர் தென்மாவட்டம். வெள்ளிக்கிழமை ராத்திரி எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டால், அவர்களில் ஒருவர் குரல் கேட்க வேண்டுமானால் வண்டி ஏதாவது பெரிய ஸ்டேஷனில் நிற்க வேண்டும். ஒரு முறை விழுப்புரத்தில் பிரச்சினையைச் சொல்லி, திருச்சியில் விளக்கம் கேட்டு, விருதுநகரில்தான் பதில் கிடைத்தது. பதில், "நான் காலையில பாக்கேன்."

கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்?

பணகுடி, ராதாபுரம் பக்கம் போனால் காற்றாலை காடு மாதிரி நிற்கிறது. கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட் அணு உலை இரண்டு ஓடுகிறது. இத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு நான் அமெரிக்காக்காரரிடம் "மன்னிக்கவும், கரண்ட் போய்விட்டது" என்று சொல்கிறேன். இன்வெர்ட்டர் இருக்கிறது, இரண்டு கம்பெனி நெட் இருக்கிறது. சாதாரண நாளைக்கு அது போதும்.

2023 டிசம்பர் 17, 18 சாதாரண நாள் இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. தாமிரபரணி கரையை விட்டு ஏறி, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்ட் குளமாகக் கிடந்தது. எங்கள் தெருவில் கீழ்வீட்டுக்காரர்கள் எல்லோரும் மாடிகளில் இருந்தார்கள், என் அலுவலக மேஜைமேல் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை தூங்கியது. மூன்று நாள் கரண்ட் இல்லை, போன் இல்லை. நாலாவது நாள் சிக்னல் வந்ததும் முதலில் வந்து விழுந்த மெயில்: 'கடந்த மூன்று நாட்களின் நேரக் கணக்கு நிரப்பப்படவில்லை.' தானாகப் போகிற மெயில்தான், யாரும் வேண்டுமென்று அனுப்பவில்லை, எனக்குத் தெரியும். திறந்து பார்த்தேன். காரணம் என்ற கட்டத்தில் உடல்நலக் குறைவு, சொந்த வேலை, பயிற்சி, மற்றவை என்று நாலுதான் இருந்தன. ஆறு வீட்டுக்குள் வந்ததை 'மற்றவை' என்று போட்டேன். ஏற்கப்பட்டது என்று உடனே பதில் வந்தது, அதுவும் தானாக.

ஏஐ வந்துவிட்டதே, உங்கள் சோலி முடிந்ததா?

சாட்ஜிபிடி 2022 நவம்பர் கடைசியில் வந்தது. அன்றிலிருந்து என் மாமா என்னைத் துக்கம் விசாரிக்கிற குரலில்தான் பேசுகிறார். நானும் அதைத் தினமும் பயன்படுத்துகிறேன். பத்து நிமிஷத்து வேலையை ஒரு நிமிஷத்தில் எழுதித் தரும். எழுதியதில் எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க எனக்கு ஒன்பது நிமிஷம் ஆகும்.

மறுவீட்டுக்குச் சொதி வைக்க வேண்டும் என்று மாமா அதனிடம் செய்முறை கேட்டார். தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, இஞ்சி என்று ஒழுங்காகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் புளியைக் கரைத்து ஊற்றச் சொன்னது. துளி தயக்கம் இல்லை அதன் பேச்சில். சொதிக்கு எலுமிச்சம்பழம் அல்லவா பிழிவார்கள்? ஆச்சி கேட்டுவிட்டு, "இது மதுரைக்குத் தெக்க வந்ததே இல்ல போல" என்றாள். என் வேலைக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை என்று நான் நம்புவது இந்த ஒரு ஆதாரத்தை வைத்துத்தான். புளியைக் கண்டுபிடிக்க ஆள் வேண்டும்.

வேலைக்கு இனிமேல் சென்னைக்குத்தான் போக வேண்டுமா?

அப்படி ஒன்றும் இல்லை. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஜோஹோ என்ற சாஃப்ட்வேர் கம்பெனி இருக்கிறது, கங்கைகொண்டானில் அரசின் எல்காட் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. மத்தளம்பாறைக்காரர்கள் சாரல் சமயத்தில் குற்றாலம் பக்கத்தில் இருந்துகொண்டு எப்படி வேலை பார்க்கிறார்கள் என்பதுதான் எனக்குப் புரியாத தொழில்நுட்பம்.

மகளை கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்கலாமா?

அவளைக் கேளுங்கள். கணக்கில் மார்க் எவ்வளவு என்று கேட்காதீர்கள். ஒரு விஷயம் ஏன் ஓடவில்லை என்று ஒரு மணி நேரம் எரிச்சல்படாமல் பார்த்துக்கொண்டிருப்பாளா என்று பாருங்கள். இருப்பாள் என்றால் சேருங்கள். பிரிண்டரையும் அவளே பார்த்துக்கொள்வாள்.

மாசம் எவ்வளவு வரும்?

ஹலோ? ஹலோ... உங்கள் குரல் கேட்கவில்லை. மியூட்டில் இருக்கிறீர்கள் போல.

"இன்னைக்கு எங்க வீட்டுக்கு சிலிண்டர் வருது. நீங்க வீட்டுலதான இருப்பிய?"

இருப்பேன் மைனி. பணத்தை ஆச்சியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். ஏழு மணிக்கு முன்னால் கொண்டுவரச் சொல்லுங்கள். நவம்பர் பிறந்துவிட்டால் எட்டு வரைக்கும் பரவாயில்லை.